காட்டுப் பாதையை மூடியவர்

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் காட்டை இனி எப்படிப் பராமரிக்கப் போகிறார்கள் என்று விளக்க, பூங்காத் துறை அதிகாரி ஒருவர் சமூக மன்றத்துக்கு வந்திருந்தார். ஐம்பது வயதை ஒட்டிய தமிழ்ப் பெண்மணி. வெயிலில் கறுத்த முகம், சேறு காய்ந்த காலணி. யாராவது பேசினால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முடிக்கும்வரை பேசுபவர் முகத்தையே பார்ப்பார். சிலர் கத்தியபோதும் அப்படித்தான்.

கத்தியதற்குக் காரணம் இருந்தது. எறும்புத்தின்னிகள் குட்டி போடும் இடம் என்று, நாங்கள் காலையில் நடக்கும் பாதையை மூடுவது அவருடைய திட்டம்.

கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசையருகே போய்க் கேட்டேன். "எங்களுக்கு இருக்கிறதே அந்த ஒரு பாதைதான் மேடம். ஆபீஸ்ல உட்கார்ந்து கோடு போடுறவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"நானும் அங்கதான் நடக்கிறேன் சார். அடுத்த புளோக்தான் என் வீடு."

"அப்புறம் எதுக்கு மூடுறீங்க?"

"நடக்கப் போயித்தான் தெரிஞ்சது. விடியறதுக்கு முன்னாடி நாம உள்ள போனா, எறும்புத்தின்னி மிரண்டு ரோட்டுக்கு ஓடுது. ஒரு குட்டி கார்ல அடிபட்டுச்சு. நான்தான் தூக்கினேன்."

"அதிகாரிங்க மட்டும் போவீங்களா?"

"நானும் போக முடியாது லா," என்று சிரித்தார்.

வேலி போட்ட பிறகு ஒரு காலை அவரைப் பார்த்தேன். வெளியே நின்று காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போவதற்குள், பேருந்துகள் இரையும் சாலையோரமாக நடக்கத் தொடங்கிவிட்டார்.

வரைபடத்தில் அந்தக் கோட்டை இழுத்தபோது அவர் கை கொஞ்சமாவது தயங்கியதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.