மஞ்சூருக்கு நான் எழுதிய வழி

மஞ்சூர் தேயிலை ஃபாக்டரியின் ஆபீஸ் அறையில் சுவரோடு ஒட்டி ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு ரவுட்டர். அதன் முகப்பில், கேபிள் செருகிய துளைக்கு மேலே, கடுகளவு பச்சை விளக்கு ஒன்று. அடைமழை பெய்த ஒரு காலையில், மண் சரிந்து கேபிள் எங்கோ அறுந்து கிடந்த நேரத்தில், அந்த விளக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. "பச்சையாத்தானுங்க எரியுது மேடம், அப்புறம் ஏனுங்க ஒண்ணும் போகமாட்டீங்குது?" என்று ஃபாக்டரி கிளார்க் போனில் கேட்டார். நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த வேலை அன்றைக்குத்தான் என் ஓரகத்தியின் கைக்குப் போனது.

அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. குன்னூரில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நான் அங்கே ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமை ஆபீசில் நெட்வொர்க் வேலை பார்த்தேன். கம்பெனியின் ஃபாக்டரிகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் குன்னூர் ஆபீசோடு எந்நேரமும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கான்ட்ராக்ட் வேலைதான். அவளும் அதே படிப்புப் படித்தவள். "சின்னவளையும் உங்க ஆபீசுல சேத்து உடு கண்ணு, ஊட்டுல சும்மாதான உக்காந்திருக்கறா" என்று என் மாமியார் ஒரு நாள் சொன்னார். நானே மேனேஜரிடம் பேசினேன். நானே கூட்டிக்கொண்டு போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இதை நான் எத்தனை தரம் சொல்லிக் காட்டியிருக்கிறேன் என்று என் கணவரைக் கேட்டால் தெரியும்.

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஈரத் தலையோடு தாமதமாக ஆபீசுக்குள் நுழைவாள். அத்தனை பேர் முகமும் மலரும். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பவள் நான். என்னை யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. என் ஃப்ளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்துவிட்டு, "அக்கா, உங்க கைப்பக்குவமே தனிங்க்கா" என்பாள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்து முடித்த பிறகு வயிறு எரியும். பொறாமைதான். அதற்கு நாகரிகமாக வேறு பெயர் தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் இருவரில் ஒருவரை நிரந்தரமாக்கி நெட்வொர்க் இன்சார்ஜ் ஆக்கப்போவதாக மேனேஜர் சொன்னபோது மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் கேபிள் அறுவதும், இலை கொண்டுவரும் சிறு விவசாயிகள் எடை பதிவாகாமல் கால்கடுக்க நிற்பதும் வழக்கமாகப் போயிருந்தது. ஆகவே கேபிள் அறுந்தாலும் தகவல் போய்ச் சேர, ஆளுக்கு ஒரு ஃபாக்டரியில் மாற்றுவழி போட்டுக் காட்ட வேண்டும். மஞ்சூர் எனக்கு, தேவர்சோலை அவளுக்கு. யாருடையது மழையில் நிற்கிறதோ அவருக்கு வேலை. அப்பட்டமாக அவர் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அப்படித்தான் கேட்டது.

இந்த வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரவுட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று நாம் கையால் எழுதிவைக்கும் வழிக்கு ஸ்டாடிக் ரூட் என்று பெயர். எழுதிவிட்டதாலேயே அது நடைமுறைக்கு வந்துவிடாது. ரவுட்டர் தனக்கென்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அதில் ஏறிய வழிக்குத்தான் மதிப்பு. ஏற வேண்டுமென்றால் அந்த வழி போகிற கேபிளில் உயிர் இருக்க வேண்டும். அதே இடத்துக்குப் போக அதைவிட நல்ல வழி வேறு இருக்கவும் கூடாது. எது நல்லது என்பதற்கு நாமே ஓர் எண் கொடுக்கிறோம். சின்ன எண்ணுக்குத்தான் மரியாதை. சாலையோரமாக வரும் ஃபைபர் வழிக்கு ஒன்று என்று கொடுத்தேன். சிம் கார்டு போட்ட இன்னொரு பெட்டி வழியாகப் போகும் மாற்றுவழிக்கு இருநூறு. ஃபைபர் இருக்கும்வரை இருநூறு அட்டவணையில் தலையே காட்டாது. அது விழுந்த நொடியில், யாரும் கூப்பிடாமல், தானாக மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மேனேஜரை மஞ்சூருக்கு வரவழைத்து, அவர் கண் முன்னால் ஃபைபர் கேபிளை ரவுட்டரிலிருந்து பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது, மாற்றுவழி ஏறியது. கம்ப்யூட்டரில் எடை போட்டுக்கொண்டிருந்தவருக்கு எதுவுமே தெரியவில்லை. "அருமைங்க, அருமை" என்றார் மேனேஜர். அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு மற்றவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

தேவர்சோலையில் நடந்தது வேறு. அவள் சோதித்துப் பார்க்க வேண்டிய நேரத்தில், வர்க்கி சூடாகப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பேக்கரிக்குப் போயிருக்கிறாள். அங்கே ஃபைபர் கம்பெனியின் லைன்மேன் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்ப மேடேறிப் போய்க் கேபிளைப் பிடுங்குவானேன் என்று, "அண்ணா, உங்க போஸ்ட்டுல ஒரு நிமிசம் கழட்டி உடுங்களேன்" என்றிருக்கிறாள். அவரும் கழற்றியிருக்கிறார். ஃபாக்டரிக்கு போன் செய்து கேட்டால் எல்லாம் நின்று போயிருக்கிறது. மாற்றுவழி ஏறவே இல்லை.

காரணம் மிகச் சின்னது. ரவுட்டருக்குத் தன் உடம்பில் செருகிய கேபிள் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் கரண்ட் இருக்கிறவரை அந்தக் கேபிளுக்கு உயிர் உண்டு, விளக்கும் பச்சைதான். வெளியே சாலையில் ஃபைபர் அறுந்து தொங்கினாலும், வழி நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு எல்லாவற்றையும் அந்தப் பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கும். அனுப்பியது எதுவும் போய்ச் சேராது. இதற்கு என்ன செய்வதென்று அவள் உட்கார்ந்து படித்திருக்கிறாள். ஃபைபர் வழியாகக் குன்னூர் ஆபீசை விடாமல் கூப்பிட்டுப் பார், பதில் வராவிட்டால் அந்த வழியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடு என்று ரவுட்டருக்கு இன்னும் சில வரிகள் சேர்த்திருக்கிறாள். அதோடு மிச்ச வர்க்கியைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கும் கொண்டுவந்தாள். நானும் தின்றேன். என்னிடம் அவள் எதுவும் சொல்லவில்லை.

அதனால்தான் அந்த மழைக்காலையில் தேவர்சோலையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அங்கேயும் மரம் விழுந்து ஃபைபர் போயிருந்தது. யாருக்கும் தெரியாமலே வேலை ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சூரில் இலை மூட்டைகளோடு வரிசை வாசல்வரை நின்றது. நனைந்த இலை சூடேறிக் கறுத்துவிடுமென்று அவர்கள் சத்தம் போடுவது எனக்குப் போனிலேயே கேட்டது. மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். "ஃபைபர் பொட்டியில இருந்து ரவுட்டருக்கு வர்ற அந்த நீலக் கேபிளப் புடுங்கி எறிங்க!" என்று கத்தினேன். கிளார்க் பிடுங்கினார். பிடுங்கியதும் எல்லாம் ஓடத் தொடங்கியது. நான் எழுதிய வழி அருமையாகத்தான் வேலை செய்தது. மேனேஜர் கோபப்படவில்லை. "ஏனுங்க, அப்ப மழை பேஞ்சா ஒருத்தரு உக்காந்து கேபிளப் புடுங்கிக்கிட்டே இருக்கோணுங்களா?" என்று கேட்டார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க எப்பவோ போட்டிருப்பீங்கன்னு நெனச்சேங்க்கா. உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அது உண்மையா நடிப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உண்மை என்றால் இன்னும் எரிகிறது. அந்த வாரமே அவளுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. யார் பாராட்டினாலும், "எனக்கென்னங்க தெரியும், வர்க்கி திங்கப் போனேன்" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை நேரத்தில் பேக்கரிக்குப் போனேன் என்று நான் சொல்லியிருந்தால் மெமோ வந்திருக்கும். அன்று மாலை மாமியார் பாயசம் வைத்தார். அவளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் என்று எனக்கும் ஒரு தம்ளர் கிடைத்தது.

பிறகு என் கொழுந்தனாருக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். இன்சார்ஜ் பதவி எனக்கு வந்தது. "உன்னோட இருநூறாம் நம்பர் மாதிரியே நீயும் மேல வந்துட்ட போ" என்று என் கணவர் ஒரு தடவை கிண்டல் செய்தார். நான் பல நாள் அவரிடம் பேசவில்லை. எதற்காக உயிரைக் கொடுத்தேனோ அது அவளுக்கு வேண்டாம் என்று விட்டுப்போகிற பொருளாக இருந்ததைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

சில மாதங்களுக்கு முன் தேவர்சோலையின் பழைய ரவுட்டர் பழுதாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கினோம். பழையதில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. அவள் கை பட்ட ஒரு வரியும் வேண்டாம் என்று முடிவு செய்து, வெறும் திரையில் முதலிலிருந்து நானே எழுதினேன். ஃபைபருக்கு ஒன்று, மாற்றுவழிக்கு இருநூறு, குன்னூரைக் கூப்பிட்டுப் பார்க்கும் வரிகள், பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற வரிகள். முடித்ததும் மனசு கேட்காமல் பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி ஒன்றுதான். வேறு மாதிரி எழுத அதில் இடமே இல்லை.

போன வாரம் கூடலூர்ப் பக்கம் பேய்மழை. ஃபைபர் போய்விட்டது, தேவர்சோலையில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேனேஜர் என் அறைக்கே வந்தார். "பாத்தீங்களா, சின்ன மேடம் எழுதி வெச்சுட்டுப் போனது இன்னிக்கும் காப்பாத்துது" என்றார்.

"அதை எடுத்தாச்சுங்க சார். இது முழுக்க நான் எழுதுனதுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படிங்களா! அச்சு அசல் அவங்க எழுதுன மாதிரியே ஓடுதுங்களே!"

பாராட்டாகத்தான் சொன்னார். "ஆமாங்க சார்" என்றேன். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன்.