துளைமேல் வைத்த பொட்டு

1997 மார்ச் 15, சனிக்கிழமை. காலையில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். வாரத்துச் சட்டைகளைத் தேய்த்து மாட்டினேன். செங் தொழிற்பேட்டையில் நான் சரக்குக் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணியாக இருந்த தொழிற்சாலைக்குப் போய் அரை நாள் வேலையை முடித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மனைவியும் நானும் மோட்டார் சைக்கிளில் மலாக்கா டவுனுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கப் புறப்பட்டோம்.

வீட்டில் கணினியில் விளையாடுகிறவள் அவள்தான். நான் கடிதம் டைப் செய்வதோடு சரி. நகரம் கட்டும் விளையாட்டு ஒன்றில் ஒரு வருடமாக ஓர் ஊரை எழுப்பி வந்தாள். ஆறு, துறைமுகம், பஸ் நிலையம் எல்லாம் இருந்தன. கோயில் கட்ட அதில் வழியில்லாததால், ஒரு பூங்காவைக் கோயில் என்று வைத்துக்கொண்டாள். அந்த வாரம் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போடத் தொடங்கியது. டிஸ்கெட் போடும் பகுதி பூசணம் பிடித்துப் பல மாதங்களாகியிருந்தது. பிரதி எடுக்க முடியவில்லை. டிஸ்க் நின்றுபோனால் அவள் ஊரும் போய்விடும்.

கடைக்காரர் எங்களைவிட இளையவர், தமிழர். 1.2 ஜிபி ஒன்றும் 2.1 ஜிபி ஒன்றும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, பெருசையே எடுங்க லா. இப்ப வர்ற கேம் எல்லாம் இடத்தை முழுங்குது. பழசைக் கழட்டித் தூக்கிப் போட்டுடுங்க."

"சின்னதை எடுத்து, பழசையும் பக்கத்துல வச்சுக்கலாமே," என்றாள் மனைவி. "ஒன்னு படுத்தா இன்னொன்னு இருக்கும்."

"அக்கா, அது ஏற்கெனவே படுக்கப் போவுது."

"உங்க அண்ணனும்தான் ஞாயித்துக்கிழமையானா படுத்தே கெடக்காரு. தூக்கியா போட்டேன்?"

ஒரே கணினிப் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒயர் கூடும், சூடு கூடும். பெரியதை வாங்கினோம். ஊர் இடம் மாறும்வரை பழையதைக் கழற்றக் கூடாது என்றாள், சரி என்றேன்.

வீட்டில் பழைய செய்தித்தாளை விரித்து, புது டிஸ்கை அதன்மேல் வைத்துவிட்டு ஸ்குரூடிரைவர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது டிஸ்கில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிளோ ரைஸ் குக்கரோ, பொட்டு வைக்காமல் எதுவும் புழக்கத்துக்கு வந்ததில்லை. ஆனால் சந்தனத்துக்கு அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருந்தது. டிஸ்க் காற்று வாங்கும் துளை. மூடக் கூடாது என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். காட்டினேன்.

"எழுத்து மறையக் கூடாதுன்னுதாங்க அந்த இடமாப் பார்த்து வச்சேன்," என்றாள்.

ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தேன்.

"காயறதுக்குள்ள துடைச்சிட்டீங்களா? அப்ப ஓடும் அண்ணே," என்றார் கடைக்காரர். "ஆனா உள்ள போயிருந்தா கேரண்டி கெடைக்காது. கம்பெனிக்காரன்கிட்ட சந்தனம்னு நான் எப்படிச் சொல்றது?"

இப்போது புதியதையும் நம்ப முடியவில்லை, பழையதையும் நம்ப முடியவில்லை. புதியதை முதல் டிஸ்காக மாட்டி, சிடியிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். கழற்றி வைக்க நினைத்திருந்த பழையதை இரண்டாவதாக மாட்டினேன். அதிலிருந்து ஊரைப் புதியதற்குப் பிரதி எடுத்தேன். பழையதிலும் அப்படியே விட்டு வைத்தேன். ஆக, பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். கடையில் அவள் சொன்னதும் இதைத்தான். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை, பல் துலக்குவதற்கு முன்பே கணினியைப் போட்டோம். புதியதிலிருந்து ஊரைத் திறந்தாள், பூங்கா இருந்தது. பழையதிலிருந்து திறந்தாள், டிக் டிக் சத்தத்தோடு அங்கும் இருந்தது. பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஓரிடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஓட்டை ஒன்னும் இல்லையே?"

இல்லை என்றேன். வைத்தாள்.