மூன்று-பி வீட்டுச் சட்டைகள்

இஸ்திரி போடுவதற்கு முன் கதிரேசன் ஒவ்வொரு துணியின் பையிலும் கையை விட்டுப் பார்ப்பார். கையை விடும்போது முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொள்வார். அகப்பட்டது பஸ் டிக்கெட்டோ, மருந்துச் சீட்டோ, நாலாக மடித்த கடிதமோ, எதுவானாலும் பார்க்காமலே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள் போட்டு, அந்த வீட்டு மூட்டையின் மேல் குண்டூசியால் குத்திவிடுவார். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தொடுவார்.

அவருடைய மகள் தமிழ்நிலா இதை ஆறு வயதிலிருந்து பார்த்து வருகிறாள். பள்ளி விட்டு வந்து வண்டிக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய நாட்களில், அவர் யாரையோ எதிர்பார்த்துத் தெருவைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள். கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"நைனா, உனக்கு எழுத்தே படிக்க வராது. அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சியத் திருப்பிக்கற?"

"எனக்குப் படிக்க வராதுன்னு துணிக்காரங்களுக்குத் தெரியுமா?" என்றார் கதிரேசன்.

இது பதிலா கிண்டலா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அபிராமபுரத்தில் சுகந்தா அடுக்ககத்தின் மதிலை ஒட்டி, புங்கை மரத்தடியில் அவருடைய வண்டி இருபத்திரண்டு வருஷம் நின்றது. ஆற்றங்கரையிலிருந்து அவர்கள் குடிசைகளைப் பெயர்த்து, ஊர்க்கோடியில் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்த பிறகும், இரண்டு பஸ் மாறி வந்து காலை எட்டு மணிக்குக் கரியைப் பற்றவைத்துவிடுவார். பன்னிரண்டு வீட்டுத் துணியும், பக்கத்துத் தெருக்களில் சில வீட்டுத் துணியும் அவர் கைக்குத்தான் வரும். அலுவலகச் சட்டைகள் வாரத்துக்கு ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தால் அந்த வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியும். ஒரு வீட்டில் புடவைகள் நின்று நைட்டிகள் மட்டும் வரத் தொடங்கினால் அதற்கும் அர்த்தம் தெரியும். இவ்வளவு விவரத்தைத் திரட்ட ஓர் அரசாங்கத்துக்கு ஒரு துறை, ஓர் அமைச்சர், ஒரு திறப்பு விழா வேண்டும். கதிரேசனுக்கு ஒரு கரிப்பெட்டி போதுமாக இருந்தது. அரசாங்கத்துக்கும் அவருக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவர் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில் பெண்டாட்டியிடம்கூட.

தமிழ்நிலா அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஆங்கில இலக்கியம். கடைசி வருஷத் திட்டக் கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, எதிர்காலக் கொடுங்கோன்மையைப் பற்றி எழுதப்பட்ட நாவல்கள். எழுபத்திரண்டு பக்கம், சுருள் கம்பி போட்ட பைண்டிங். அந்த நாவல்களில் கொடுங்கோலர்கள் சீருடை அணிந்திருந்தார்கள், பூட்ஸ் சத்தத்தோடு வந்தார்கள், மக்கள் நடுங்கினார்கள். தங்களைப் பற்றிய தகவலைத் தாங்களே முன்வந்து ஒப்படைக்கும் குடிமக்களைப் பற்றி மூன்றாம் அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தாள். பேராசிரியர் அந்த இடத்தில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று போட்டார். தொண்ணூற்றொரு மதிப்பெண். கொடுங்கோன்மை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் டபரா டம்ளரோடு, தினமும் காலையில் ரோஜாப் படம் போட்டு வணக்கம் அனுப்பும் என்று அந்த எழுபத்திரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை.

சுகந்தாவின் செயலாளர் வேதாந்தம் பணி ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. நல்ல மனிதர். அவரைப் பற்றிப் பேசும் எல்லாரும் இந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார்கள். பன்னிரண்டு வீட்டுக்குப் பதினாறு காமிரா வைத்தவர் அவர்தான். லிஃப்டில் ஒன்று, குப்பைத் தொட்டிக்கு எதிரே ஒன்று, கதிரேசனின் வண்டிக்கு நேர் மேலே ஒன்று. நிறுவிய முதல் வாரம் அவருடைய போன் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை அலறியது: 'சந்தேகத்துக்குரிய நபர் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கிறார்.' ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பதுதான் இஸ்திரிக்காரன் தொழில் என்பது மூன்று லட்ச ரூபாய் இயந்திரத்துக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரியப்படுத்துவதற்காகக் கதிரேசனை நேராக, இடமாக, வலமாகத் திருப்பிப் படம் எடுத்தார்கள். அன்று முதல் காமிராக் கணக்கில் அவர் எஸ்-7. பால்காரர் எஸ்-3. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எஸ்-9 முதல் எஸ்-14 வரை.

"திருடனப் புடிச்சாதான் இப்டி எடுப்பாங்க," என்றார் கதிரேசன் அன்று சாயங்காலம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தச் சிரிப்பு இரண்டே மாதம்தான் நீடித்தது. முதல் மாடி விஜயலக்ஷ்மி மாமி, "பன்னெண்டு குடுத்தேன், பதினொண்ணுதான் வந்திருக்கு. என் மாம்பழக் கலர் புடவையைக் காணோம்," என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வேதாந்தமும் இன்னும் இருவரும் உட்கார்ந்து மூன்று மணி நேரக் காட்சியை ஓட்டிப் பார்த்தார்கள். கதிரேசன் துணியை மடிப்பதையும், பீடி பிடிப்பதையும், முதுகைச் சொறிவதையும் பார்த்தார்கள். புடவை நான்காம் நாள் மாமியின் பீரோவிலேயே கிடைத்தது. அதைக் குழுவில் போட மாமிக்கு நேரம் கிடைக்கவில்லை.

தமிழ்நிலாவுக்கு ரத்தம் கொதித்தது. கே.கே. நகரில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இணையத்தில் ஓர் அட்டவணை தயாரித்தாள். வீட்டு எண், தேதி, புடவை, சுடிதார், பேன்ட், ஆண் சட்டை, குழந்தைத் துணி. சாயங்காலம் அப்பா வாயால் சொல்லச் சொல்ல இவள் தட்டெழுத்தில் ஏற்றுவது என்று ஏற்பாடு. இனி ஒரு கைக்குட்டைகூடக் காணாமல் போக முடியாது.

"இத யாரெல்லாம் பாப்பாங்க?" என்று கேட்டார் கதிரேசன்.

"எல்லாரும் பாக்கலாம் நைனா. அதுக்குத்தானே போடறது. ஒருத்தரும் உன்ன ஒரு வார்த்த சொல்ல முடியாது."

"எல்லாருமேவா?"

"கணக்கு தெறந்து கெடந்தா யாருக்கு இன்னா பயம்?"

கதிரேசன், படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற அந்தப் பாழாய்ப்போன மரியாதையோடு, "ஒன்-ஏ, பொடவ நாலு," என்று ஆரம்பித்தார்.

வேதாந்தம் அவளையும் குழுவில் சேர்த்துக்கொள்ள, அட்டவணையின் இணைப்பை அவள் அங்கே போட்டபோது பதினேழு பேர் கைகூப்பினார்கள். 'படித்த பிள்ளைகள் இருந்தால் இதுதான் அழகு' என்று வேதாந்தம் எழுதினார். அதைத் தமிழ்நிலா படமெடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுச் சங்கக் கூட்டம் நடந்தது. அட்டவணை தயாரித்தவள் என்ற முறையில் தமிழ்நிலாவுக்கும் அழைப்பு. ஏதோ பாராட்டு என்று நினைத்து நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வண்டியில் பாதி தேய்த்த துணியை அப்படியே விட்டுவிட்டுக் கதிரேசனும் வந்து தூணோரம் நின்றார்.

வேதாந்தத்தின் கையில் அட்டவணையின் பிரதி இருந்தது. மூன்று-பி வீட்டு வரிகள் மட்டும் மஞ்சள் மையில் பளிச்சென்று இருந்தன.

"யாரையும் குத்தம் சொல்றதுக்காக இல்லை, கேட்டேளா. எல்லாம் வெளிப்படையா இருக்கணும், அவ்வளவுதான். ஆறு வாரத்துல இருபத்தெட்டு ஆண் சட்டை. மஹதி ஆத்துல ஆம்பளையே கிடையாது. கூட இருந்த அம்மாவும் பெங்களூர் போயாச்சு. அப்போ இது யார் போட்டுண்டது?"

மஹதி மூன்று-பியில் வாடகைக்கு இருப்பவள். முப்பது வயது, விவாகரத்து ஆனவள். குடும்பங்களுக்கு மட்டும், சைவம் மட்டும் என்கிற சங்க விதியில், அம்மா இருக்கிறாள் என்பதால் குடும்பமாகக் கணக்கில் சேர்க்கப்பட்டவள்.

"காமிராவுல ஒருத்தனும் விழலையே," என்றார் விஜயலக்ஷ்மி மாமி. "பின்படி வழியா வர்றானோ என்னமோ. அங்கயும் ஒண்ணு வைங்கோன்னு நான் அப்பவே தலையா அடிச்சுண்டேன்."

"என் துணியை நீங்க எண்ணுவேளா மாமா?" என்று கேட்டாள் மஹதி. குரல் உயரவில்லை.

"நான் எண்ணலைம்மா. இவன் பொண்ணுன்னா எண்ணியிருக்கா. படிச்ச பொண்ணு."

எல்லாத் தலைகளும் தமிழ்நிலா பக்கம் திரும்பின. மஹதியும் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் அத்தியாயம் முழுவதையும் தன் சொந்தச் செலவில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், நடத்திக் காட்டியிருக்கிறோம் என்று தமிழ்நிலாவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. இதற்கு யாரும் சிவப்பு மையில் எழுதித் தரப்போவதில்லை.

"அது யார் சட்டைன்னு நான் சொல்றதா இல்லை," என்றாள் மஹதி.

"சொல்ல வேண்டாம். வீட்டு ஓனருக்கு மெயில் எழுதி ரெடியா வெச்சிருக்கேன். மாசக் கடைசியில காலி பண்ணிக்கோ. ஒரே ஒரு உறுதிதான் பாக்கி." வேதாந்தம் தூண் பக்கம் பார்த்தார். "கதிரேசா, பயப்படாம சொல்லு. இதெல்லாம் மூணு-பி சட்டைதானே?"

கதிரேசன் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இல்ல சார்."

"என்னது?"

"மூணாவது தெருவுல டாக்டர் வூட்டு மூட்ட சார் அது. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். பொண்ணு பாவம், நான் சொன்னத எயுதிச்சு."

"ஆறு வாரமுமா?"

"ஆறு வாரமும்தான். வயசாவுதில்ல சார். எந்த மூட்ட எந்த வூடுன்னு கொயம்பிப் போவுது."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குழந்தையின் சாக்ஸ்கூட வீடு மாறிப் போனதில்லை. அவருக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான். அதை எடுத்து அவர் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்.

"அப்போ என் மாம்பழக் கலர் புடவை?" என்று எழுந்தார் மாமி. அந்த மாம்பழக் கலர் புடவையைத்தான் அவர் உடுத்தியிருந்தார். அதன் மடிப்பு கலையாமல் இருந்ததும் கதிரேசனின் கைவேலைதான்.

கதிரேசன் புடவையைப் பார்த்தார். "அதுவும் நான்தான்மா எங்கியாவது மாத்தி வெச்சிருப்பேன்," என்றார்.

தமிழ்நிலா வாயைத் திறந்தாள். அப்பா பொய் சொல்கிறார் என்று சொன்னால் அப்பாவின் பெயர் மிஞ்சும், மஹதியின் வீடு போகும். மூடிக்கொண்டாள். அது நியாயத்துக்காக மூடிய வாயா, பயத்தால் மூடிய வாயா என்று அவள் இன்னும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. துணியில் நிதானமில்லாத ஆள் வாசலில் நிற்பது பாதுகாப்புக்கு உகந்ததல்ல. எஸ்-7 நீக்கப்படுகிறது. மனிதாபிமான அடிப்படையில் சாயங்காலம் ஐந்து மணி வரை அவகாசம். வேதாந்தம் நல்ல மனிதர் என்றேனே.

மூட்டைகளை ஒவ்வொரு வீடாகக் கொடுத்து முடித்த பிறகு வண்டியில் ஒரு சட்டை மிஞ்சியிருந்தது. வெளிர் நீலம், மெல்லிய கோடு. காலையில் மஹதி கொடுத்த துணிகளில் ஒன்று. கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது பெட்டி அதன் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பையில் கிடைத்த ஒரு காகிதம் உறையில் போட்டுத் தயாராக இருந்தது. மூன்று-பியின் மற்ற துணிகள் மேலே போய்விட்டன. இதை மட்டும் எப்படி அனுப்புவது? டாக்டர் வீட்டுச் சட்டை என்று ஊரறியச் சொன்னதைப் பதினாறு காமிராவுக்கு எதிரே மூன்று-பியில் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? மஹதி பால்கனியில் நின்று கீழே பார்த்தாள். வண்டிக்கு மேலிருந்த காமிராவையும் பார்த்தாள். இறங்கி வரவில்லை. வர முடியாது என்று கதிரேசனுக்கும் தெரிந்திருந்தது. சட்டையைச் செய்தித்தாளில் சுற்றிப் பெரும்பாக்கத்துக்கு எடுத்துப் போனார். ஊரான் துணியை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனது அதுதான் முதல் தடவை.

சுகந்தாவில் இப்போது ஒரு சலவை நிறுவனம் வந்து துணி எடுக்கிறது. ஒவ்வொரு துணிக்கும் கோடு போட்ட சீட்டு ஒட்டிக் கருவியால் படிக்கிறார்கள். மூன்று-பியிலிருந்து வாரத்துக்கு எத்தனை ஆண் சட்டை போகிறது என்பது எங்கோ ஒரு நகரத்தில் ஒரு கணினிக்கு நன்றாகத் தெரியும். அதற்காகச் சங்கம் கூட்டம் போடவில்லை. அந்த நிறுவனம் முதல் மாதம் தள்ளுபடி கொடுத்தது.

கதிரேசன் தி. நகரில் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் புதுச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார். யாரும் போட்டிராத சட்டைகள், வெறும் பைகள். ஆனாலும் கை போகிறது, முகம் திரும்புகிறது. மேற்பார்வையாளர் திரையில் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு பாக்கெட்லயும் இன்னாய்யா தேடறே?" என்று கேட்டார். இரண்டு முறை அவரையே சோதனை போட்டு, ஒன்றும் அகப்படாமல் விட்டுவிட்டார்கள்.

போன மாதம் தமிழ்நிலா அந்தச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு சுகந்தாவுக்குப் போனாள். வாசலில் காவலாளியின் கையில் இப்போது ஒரு பலகைக் கணினி இருக்கிறது. யாரைப் பார்க்க என்றது. மூன்று-பி என்று தட்டினாள். என்ன காரணம் என்றது. டெலிவரி, விருந்தினர், வேலையாள், பழுது பார்ப்பு. பொருளைப் படம் எடுக்கவும் என்றது. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். தலைக்கு மேல் ஏதோ ஒரு காமிரா அவளை ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பவளாகக் குறித்திருக்கும். திரும்பி நடந்தாள்.

"குட்த்துட்டியா?" என்றார் கதிரேசன்.

"இல்ல நைனா."

பையில் கசங்கியிருந்த சட்டையை அவர் வாங்கி உதறினார். வீட்டில் மின்சாரப் பெட்டி இருக்கிறது, சூடேற்றினார். பழைய உறை பக்கத்திலேயே குண்டூசியோடு கிடந்தது. அதற்குள் இருக்கும் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அது ஆங்கிலமா தமிழா என்றுகூட அவள் பார்க்கவில்லை. கதிரேசன் சட்டைப் பையில் கையை விட்டார். காலி என்று தெரிந்தும் ஏழாவது மாடி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேய்த்து மடித்து, உறையை மேலே குத்தி, டிவிக்கு மேல் பலகையில் வைத்தார்.

மூன்று-பிக்குச் சேர வேண்டிய ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.