நான் கால் கேட்டேன், அவர் சைக்கிளும் கொடுத்தார்

மதுரவாயலைத் தாண்டி மேற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு, ஒரு கண்ணாடிக் குப்பி. எனக்குப் பின்னால் பாடி இருந்தது. பாடியில் ஒரு தொழிற்சாலை, அதில் எனக்கு நிரந்தரமாகக் கிடைக்க இருந்த வேலை. காலை பத்து மணிக்கு அது இல்லை என்று ஆனது. பதினொரு மணிக்கு நான் சாலையில் இருந்தேன். பூந்தமல்லி வரை நடந்தால் பெங்களூர் போகிற லாரி ஏதாவது நிற்கும், ஏறிக்கொள்ளலாம். எங்கே இறங்குவது என்று யோசிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில், ஆடி மாதத்து வியாழக்கிழமை அது. அன்று நடந்ததை எங்கள் ஜெபச் சபையில் பலமுறை சாட்சியாக வாயால் சொல்லிவிட்டேன். எழுதித் தரச் சொன்னார்கள். ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன், எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

என் பெயர் யாக்கோபு. பிறந்தது ஆவடியில். லாரியில் கிளீனராக இருந்தேன். போர்வெல் போடும் வண்டியோடு ஆந்திரா பக்கம் சுற்றினேன். கல்யாணச் சமையலில் அண்டா கழுவினேன். எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. யாராவது ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவேன். பாடியில்தான் பதினொரு மாதம் தாக்குப்பிடித்தேன். நிரந்தரம் ஆக்குவதற்கு முன் உடம்பைச் சோதிப்பார்கள். காலையில் எழுந்ததும் போகிற சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து வரச் சொன்னார்கள். கொண்டுபோனேன்.

தொழிற்சாலை மருத்துவ அறையில் இருந்த கம்பவுண்டர், கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என்னுடையதில் சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"இன்னா நைனா இது, உனுக்கு ஒடம்புல ஓடறது ரத்தமா பாயாசமா?" என்றார்.

"அப்டின்னா இன்னா சார்?"

"சர்க்கர. உச்சத்துல கீது. வேல இல்ல, போ. அடுத்த ஆளு, உள்ள வா! யோவ், உன் குப்பிய எட்த்துகினு போய்யா."

எனக்குப் பதிலாக அடுத்த ஆளை அப்போதே எடுத்துவிட்டார்கள். அதற்காக நான் அழவில்லை. வேலை போவது எனக்குப் புதிதா? அந்தச் செங்கல் நிறம்தான் என்னை அடித்துப் போட்டது.

என் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. கட்டைவிரலில் ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்தது. பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நாலு மாதத்தில் போய்விட்டார். அந்தக் காலுக்காக அம்மா இரவும் பகலும் ஜெபித்தார். கால் போனது, அப்பாவும் போனார். அதோடு நான் ஜெபத்தை விட்டேன். அப்போது எனக்கு வயது பதினாறு. பாடியில் அந்தக் குழாயைப் பார்த்த நாளில் முப்பத்தொன்று.

நடக்க நடக்க எல்லா அடையாளமும் தெரிந்தது. தாகம் எடுத்தது. சர்க்கரைக்காரனுக்குத் தாகம் எடுக்கும். கால் எரிந்தது. சர்க்கரைக்காரனுக்குக் கால் எரியும். ஆடி வெயிலில் தேய்ந்த செருப்போடு நடக்கிற எவனுக்கும் இதெல்லாம் வரும் என்று அப்போது தோன்றவில்லை. வானகரம் அருகே ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். இரண்டு கால்களையும் பார்த்தேன். இடது கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.

அங்கேயே கேட்டேன். பதினைந்து வருடம் கழித்து முதல் ஜெபம். முழங்கால் போடவில்லை. கண்ணையும் மூடவில்லை, லாரிகள் உரசிக்கொண்டு போயின. "ஆண்டவரே, அப்பாவுக்கு நீ குடுக்கல. எனக்காவது குடு. எனக்கு இந்தக் கால் வேணும். நடக்கறதத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." அவ்வளவுதான். ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். எழுந்து நடந்தேன்.

வேலப்பன்சாவடியில் சர்க்கரை போடாமல் ஒரு டீ குடித்தேன். கசந்தது. இனிமேல் வாழ்க்கை முழுக்க இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பக்கத்துச் சந்துக்குள் போய் ஒரு சுவரோரமாக உட்கார்ந்தேன். சிறுநீரில் சர்க்கரை இருந்தால் எறும்பு மொய்க்கும் என்று அப்பா காலத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், ஈரமான மண்ணையே பார்த்துக்கொண்டு குத்தவைத்திருந்தேன்.

"யோவ்! செவுத்துல எழ்தி வச்சது கண்ணுக்குத் தெர்ல?"

துள்ளி எழுந்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா, நெற்றியில் ரூபாய் அளவு பொட்டு, வெள்ளைக் கோட்டு, இடுப்பில் கை. சுவரில் "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்று இருந்தது. அதற்கு மேலே பலகையில் "ரத்தம், சிறுநீர் பரிசோதனை நிலையம்" என்றும் இருந்தது.

"உள்ள வந்து குடுக்கறவன் காசு குட்த்து குடுக்கறான். நீ செவுத்துக்கு ஓசியில குடுக்கற. சரி, முட்ச்சிட்டு இன்னாத்துக்கு குந்திகினு கீற? எதுனா வுழுந்துட்ச்சா?"

"இல்லம்மா. எறும்பு வருதான்னு பாக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். "எறும்பா? நானு பன்னெண்டு வருசமா டெஸ்ட்டு பண்ணிகினு கீறேன். இன்னும் எறும்ப வேலைக்கு வச்சதில்லய்யா." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "உள்ள வா. மூஞ்சி ஏன் இப்டி கீது?"

அவர் பெயர் வசந்தா அம்மா. ஒரே அறை. ஒரு மேசை, ஸ்பிரிட் விளக்கு, குழாய்கள், மைக்ராஸ்கோப், சுவரில் முருகன் படம். நடந்ததைச் சொன்னேன். சோடா வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு கொதிநீரில் அலசிய ஒரு குப்பியைக் கையில் கொடுத்து, கொல்லைப்புறம் அனுப்பினார்.

அதே நீல மருந்து. அதே மாதிரி விளக்கு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்து கொதித்தது. நீலமாகவே இருந்தது. பச்சைகூட ஆகவில்லை.

"மருந்து பழசாம்மா?" என்றேன்.

"யார்கிட்ட கேக்கற? முந்தாநாள் கலக்குனது! நம்பிக்க இல்லன்னா கைய நீட்டு, ரத்தத்துல பாத்துர்றேன்."

கொதித்த தண்ணீரிலிருந்து கண்ணாடி சிரிஞ்சை எடுத்து ஊசியை மாட்டினார். போர் வண்டியில் இரும்புக் குழாய் தோளில் விழுந்தபோதுகூட நான் சத்தம் போட்டதில்லை. அந்த ஊசியைப் பார்த்ததும் "இயேசுவே!" என்று கத்திவிட்டேன்.

"அவர ஏன் கூப்புட்ற? குத்தறது நானு."

ரத்தச் சோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். சந்து முனையில் பெங்களூர் லாரிகள் மூன்று போயின. ஒன்று நின்றுகூடப் போனது. நான் எழுந்திருக்கவில்லை.

அவர் காகிதத்தோடு வந்தார். "யாக்கோபு, உனுக்கு சர்க்கர இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காளமாடு மாரி கீற."

"பின்ன அங்க எப்டிம்மா செங்கல் கலரு வந்துச்சு?"

"அதான் எனக்கும் புரில. எதுல புட்ச்சினு போன?"

பைக்குள்ளிருந்து காலிக் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். நல்ல கனமான கண்ணாடி, திருகு மூடி. மரியாதையான இடத்துக்கு மரியாதையான குப்பி என்றுதான் அதைக் கொண்டுபோயிருந்தேன். வசந்தா அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இதுல முன்ன இன்னா இருந்துச்சு?"

"தேனும்மா. இருமலுக்கு வாங்கினேன்."

"கழுவினியா?"

"கழுவினேன். எங்க லைன் வீட்ல ஆளுக்கு ஒரு கொடம் தண்ணிதான். ஒரு வாய் ஊத்தி குலுக்கினேன்."

அவர் மூடிக்குள் கொஞ்சம் நல்ல தண்ணீரை விட்டு அலசி, அதிலிருந்து சில சொட்டை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். பச்சை. மஞ்சள். செங்கல்.

வசந்தா அம்மா நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடப்பாவி! தேனுக்கு சர்க்கர வியாதின்னு சர்டிபிகேட்டு வாங்கினு வந்துட்டியே!" எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்தது. அவர் எழுந்து போய் எனக்கு இன்னொரு டீ வாங்கி வந்தார். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு. அப்படி ஒரு டீயை அதற்குப் பிறகு குடித்ததில்லை.

குடித்து முடித்ததும் கேட்டார். "நல்லா நடப்பியா?"

"அது ஒண்ணுதாம்மா தெரியும்."

"சைக்கிளு?"

"ஓட்டுவேன்."

"எங்க ஊட்டுக்காரரு போன வாரம் துபாய்க்குப் போய்ட்டாரு. வயசானவங்க, புள்ளத்தாச்சிங்க ஊட்டுக்குப் போய் பாட்டில் குட்த்து வாங்கியாரணும். சைக்கிளு அவுரு வுட்டுட்டுப் போனது, பின்னால கீது. ரத்தம் எடுக்கறத அப்பறம் கத்துக்கலாம். மொதல்ல குப்பி கழுவக் கத்துக்கோ."

அன்று சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து முப்பது குப்பிகள் கழுவினேன். சோப்பு, தண்ணீர், மறுபடி தண்ணீர், கடைசியில் கொதிநீர். மூடிக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன்.

சபையில் ஒரு சகோதரர் ஒருமுறை கேட்டார்: "யாக்கோபு, உனக்கு நோயே இல்லையே. பிறகு ஆண்டவர் சுகமாக்கியது எதை?" நியாயமான கேள்விதான். தேவன் என் சர்க்கரையை எடுத்தார் என்று நான் எங்கும் சொன்னதில்லை. குப்பி அழுக்கு, அவ்வளவுதான். ஆனால் வேலப்பன்சாவடியில் அத்தனை சுவர்கள் இருக்க, என்னை அந்தச் சுவருக்குக் கொண்டுபோனது யார்? பெங்களூர் போயிருந்தால் இல்லாத நோய்க்குப் பயந்தே செத்திருப்பேன். அப்பாவின் கால் ஏன் போனது என்ற கேள்வி என்னிடம் இன்னும் இருக்கிறது. அதையும் வைத்துக்கொண்டுதான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

பிறகு ரத்தம் எடுக்கவும் கற்றேன். ஊசியைக் கண்டு யாராவது சாமி பெயரைச் சொல்லிக் கத்தினால், "கூப்புடுங்க, நல்லதுதான்" என்கிறேன். நூம்பலில் இந்த ஓலைக் கொட்டகைச் சபை தொடங்கியபோது பின்வரிசையில் உட்கார்ந்தவன், இன்றும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். நான் ஒரே இடத்தில் இத்தனை வருடம் இருப்பதே என் சாட்சியில் பாதி. பயத்தோடு நடந்துகொண்டிருக்கிற சகோதர சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். வார்த்தை சரியாக வராவிட்டாலும் கேளுங்கள். கோபம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆமென் சொல்ல மறந்தாலும் அவர் கேட்கிறார். நான் கால் கேட்டேன். அவர் இரண்டு காலையும் விட்டுவைத்து, ஒரு சைக்கிளும் கொடுத்தார்.

அந்த வியாழனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. ஹேண்டில்பாரில் கம்பிக்கூடை, அதற்குள் நான் கழுவிய குப்பிகள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர். முதல் வீடு நூம்பலில். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். மணியடித்ததும் கையில் ஓர் இருமல் மருந்துக் குப்பியோடு வெளியே வந்தார். பாதி நிரம்பியிருந்தது.

"ரெடியா வச்சிகீறேம்ப்பா. நல்லா கழுவிட்டேன், தங்கம் மாரி கீது பாரு."

"தங்கமே ஆனாலும் வேணாம்யா. நேத்து நானும் அப்டித்தான் கழுவினேன். இந்தாங்க, இதுல குடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே என் குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் நின்றேன். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இப்பத்தான போச்சு, உடனே வர மாட்டேங்குதுப்பா. ஒரு சொம்பு தண்ணி குட்ச்சிட்டுப் பாக்கறேன். நிப்பியா, போய்டுவியா?"

"நிக்கறேன்யா," என்றேன். "நீங்க மெதுவா வாங்க. எனக்கு எங்கயும் போவ வேண்டியதில்ல."