காலியாகக் கிடந்த பன்னிரண்டு கட்டங்கள்

ஆராய்ச்சி நிலையத்தின் குரங்குக் கூடத்தில் அவருக்கு 'சாட்சி' என்று பட்டப்பெயர். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்தக் குரங்கு எந்தக் குரங்குக்குப் பேன் பார்த்தது, எது பயந்து ஒதுங்கியது என்று நிமிடத்துக்கொரு தடவை தாளில் குறிப்பதுதான் இருபத்திரண்டு வருட வேலை. கண்ணால் பார்க்காத எதையும் எழுதியதில்லை. குரங்கு பல்லைக் காட்டினால் சிரிப்பு என்று புதிதாக வருகிற டாக்டர்கள்கூட நினைப்பார்கள். அது பயம். சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

"அதுங்க மூஞ்சியைப் பாக்குறதுல பாதியாவது என் மூஞ்சியைப் பாருங்களேன்" என்பார் மனைவி. பார்ப்பார். பார்த்தபடியே தூங்கிவிடுவார்.

ஒற்றைக்காதி என்ற குரங்கு கைக்காயத்தோடு மூன்று மாதம் தனிக்கூண்டில் இருந்தாள். இப்போது அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பிவலை. கூட்டத்தை ஆளும் பெண்குரங்கு பெரியம்மா வலையோரம் வந்து பேன் பார்த்தால், அவளைச் சேர்த்துக்கொண்டதாக அர்த்தம்; கதவு திறக்கும். ஒரு வாரத்தில் அது நடக்காவிட்டால் ஆயுளுக்கும் தனிக்கூண்டு. அந்த ஒரு வாரத்தைக்கூட சாட்சிதான் டாக்டரம்மாவிடம் கெஞ்சி வாங்கினார். தனிக்கூண்டுக் குரங்கு தன் முடியைத் தானே பிய்த்துக்கொள்ளும். அதைப் பார்த்து எழுத இனி அவருக்குத் தெம்பில்லை.

ஆறு நாள் பெரியம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் மதியம், லீவு போட்டவரின் வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுப்பில் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது பெரியம்மா வலையோரத்திலிருந்து போய்க்கொண்டிருந்தாள். ஒற்றைக்காதியின் முதுகு முடி வகிடு வகிடாகப் பிரிந்து கிடந்தது. தாளில் பன்னிரண்டு கட்டங்கள் காலி.

நிரப்பியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? பாழாய்ப்போன மனிதர், 'தூங்கிவிட்டேன்' என்று எழுதினார்.

"பாத்தீங்களா, இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

"பாக்கல மேடம். ஆனா அவ முதுகைப் பாருங்க. அங்க அவ கையே எட்டாது. இன்னும் ஒரு நாள் குடுங்க."

"வலைக்கூண்டு நாளைக்கு வேற குரங்குக்கு வேணும். தாள்ல இருக்கிறதை வச்சுத்தான் நான் முடிவு பண்ண முடியும். நீங்க எழுதியிருந்தா கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

அன்றைக்கே ஒற்றைக்காதியைப் பெட்டியில் ஏற்றித் தனிக்கூண்டுக்குக் கொண்டுபோனதும் அவர்தான். ஆத்திரமாக வந்தது, எல்லாம் தன் மேல்தான். கதவைப் பூட்டியதும் ஒற்றைக்காதி திரும்பி, முதுகைக் கம்பியோடு ஒட்டவைத்து உட்கார்ந்தாள். தொடக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. ஒட்டியவரும் அவரே. கையுறையைக் கழற்றி, இரண்டு விரலை உள்ளே விட்டார்.

பிறகு தாளை எடுத்தார். பேன் பார்த்தது: ஆம். யாருக்கு: ஒற்றைக்காதி. பார்த்தது யார் என்ற கட்டத்தில் 'நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.