ஒரு வாஷர் அதிகம்

துப்பாக்கியைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்ததாக மார்தட்டிக்கொள்ள வேண்டாம். நிஜத் துப்பாக்கி இல்லை. பேட்டரியில் ஓடி, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட். அலோன் பக்கம் காலியாகக் கிடந்த ஒரு கிடங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தைந்து பேராகப் பிரிந்து விளையாடுவோம். சில வருடங்களுக்கு முன்னால் நடந்த கதை இது. சிப்பாய்கள் வழிமறித்துப் பையைச் சோதிக்கும் இன்றைக்கு, அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியுமா? அன்றைக்கு ஏறினேன்.

எங்கள் அணியில் நான் ஒருத்திதான் பெண். பபேடானில் எங்கள் தெருவிலேயே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர்தான் கேப்டன். சின்ன வயதிலிருந்து அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், வாய்தான் நீளம். என் குண்டு மற்றவர்களுடையது போலத் தூரம் போவதில்லை என்று வாராவாரம் சொல்லிக்காட்டுவார். "உன்னுது சுடல தங்கச்சி, துப்புது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஒன்றும் தெரியாதவளா? என் கூடப்பிறந்த அண்ணனும் நானும் தையல் மெஷின் ரிப்பேர் பட்டறை நடத்துகிறோம். ஒரு புதன்கிழமை மத்தியானம் துப்பாக்கியைப் பிரித்து, கியர்பாக்ஸில் இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அதைவிடக் கெட்டியான ஒன்றைப் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். உள்ளே இருந்த மூன்று கியர்களையும் விரலால் அசைத்துப் பார்த்தேன். லேசாக லொடலொடத்தன. எங்கள் தொழிலில் அது ஆகவே ஆகாது. ஒரு தண்டு மயிரிழை ஆடினாலும் தையல் விட்டுவிட்டு விழும். மெஷினுக்குப் போடும் மெல்லிய வாஷர்களை எடுத்து, கியருக்கு ஒன்று கூடுதலாகச் செருகி, கிச்சென்று மூடினேன். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

விசையை அழுத்தியதும் ஒரு குண்டு பாய்ந்து எதிர்ச்சுவரில் டப்பென்று பட்டது. அடுத்த நொடியே 'கர்ர்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு மோட்டாரின் முனகல் மட்டும்தான்.

மறுநாள் டீக்கடையில் கேப்டனிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அது சுடலைன்னா நீ வெளிய உக்காந்து மத்தவங்களுக்குக் குண்டு ரொப்பு. உன் எடத்துல என் மச்சானை எறக்கிக்கிறேன்."

"சுடும்ணே."

"மிங்கலாடோன்ல ஒரு ஆள் இருக்கான். குடு, அனுப்பி வைக்கிறேன். நீ தொறந்தா இன்னும் கெடும்."

"கெடுத்தது நான். நானே பாத்துக்குறேன்."

"மயபூ தங்கச்சி, உன்னால ஆவாது." முடியாது என்று அடித்துச் சொல்ல அவருக்குப் பர்மியச் சொல்தான் வாயில் வரும்.

நான் டீயைப் பாதியிலேயே விட்டு எழுந்து வந்தேன். ஆறு நாள் முதுகு ஒடியக் குனிந்து ஊரார் மெஷினைப் பார்க்கிறவள் நான். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கென்று இருந்தது. அதையும் ஒருவரின் மச்சானுக்குத் தூக்கிக் கொடுப்பேனா?

வெள்ளிக்கிழமை பேட்டரியைப் பார்த்தேன், சார்ஜ் இருந்தது. ஃப்யூஸ் போகவில்லை. மோட்டாரைத் தூக்கி இறக்கும் திருகை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன், அதே முனகல். கியர்பாக்ஸைத் திறந்தேன். முறுக்கிக்கொண்டிருந்த புது ஸ்பிரிங் என் காதை உரசிக்கொண்டு பறந்து, நூல்கண்டு அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உன் கை சும்மாவே இருக்காதா?"

"சும்மா இருந்தா இந்தப் பட்டறை என்னாவறது?"

அவன் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். ஸ்பிரிங்கைச் சுமக்கும் பிஸ்டனில் இரண்டாவது பல் பாதி உடைந்திருந்தது. மிச்சத்தையும் அரத்தால் ராவிவிட்டேன். அந்த ஒரு பல் இல்லாமலும் அது ஓடும். ஆனால் கியர்கள்தான் என்னைப் பைத்தியமாக்கின. திறந்து வைத்தால் விரல் பட்டதும் சுழன்றன. மூடினால் அடைத்துக்கொண்டன. மூன்று தடவை திறந்து, மூன்று தடவை மூடினேன். துப்பாக்கியைத் திட்டினேன், கேப்டனைத் திட்டினேன், பார்த்தே இராத அந்த மச்சானையும் திட்டினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் போனது. அண்ணன் அப்போதுதான் ஒரு மெஷினை முடித்திருந்தான். கரண்ட் இல்லாவிட்டால் என்ன, வழக்கம்போல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒரு தையல் ஓட்டிப் பார்த்தான். பிரித்துப் பூட்டிய மெஷினில் எடுத்ததும் மோட்டாரை ஓட்டமாட்டோம். கை முதலில், மோட்டார் பிறகு. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஊர் மெஷினுக்கெல்லாம் காட்டும் மரியாதையை என் துப்பாக்கிக்கு நான் ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

ஸ்பிரிங்கையும் மோட்டாரையும் கழற்றிவிட்டுப் பெட்டியை மூடி முடுக்கினேன். மோட்டார் நுழையும் ஓட்டை வழியாகத் திருப்புளியை விட்டு கியரைத் தள்ளினேன். அசையவில்லை. திருகுகளை ஒவ்வொன்றாக அரைச்சுற்றுத் தளர்த்தினேன். மூன்றாவது தளர்ந்ததும் கியர் சுழன்றது. முடுக்கினேன், நின்றது. ஸ்பிரிங் மேல் குற்றமில்லை. நான் கூடுதலாகப் போட்ட வாஷர்கள்தான். மூடியதும் இரண்டு பக்கத் தகடும் கியர்களைக் கவ்விப் பிடித்திருந்தன. வெட்கமாக இருந்தது. பதினைந்து வருடத் தொழில் பழக்கமே என்னைக் கவிழ்த்துவிட்டது.

கியருக்கு ஒன்றாகக் கூடுதல் வாஷர்களைக் கழற்றி எடுத்தேன். மறுபடி லேசாக லொடலொடத்தன. விரல் பரபரத்தது, ஆனாலும் அப்படியே விட்டேன். பல் போன பிஸ்டன் கெட்டி ஸ்பிரிங்கைத் தாங்காது என்பதால் பழைய ஸ்பிரிங்கையே போட்டேன். முதலில் கையால் சுற்றினேன். பிறகு விசையை அழுத்தினேன். டக் டக் டக்கென்று இருபது குண்டும் தங்குதடையின்றிப் போயின.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் மச்சான் கண்ணாடி மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். கேப்டன் என் துப்பாக்கியை வாங்கி இரண்டு குண்டு சுட்டுப் பார்த்தார்.

"பழைய ஸ்பிரிங்கையே போட்டுட்டியா? அப்ப பழையபடி துப்பத்தான் போவுது. இந்தா, என்னோட இன்னொன்னு இருக்கு. நல்லா தூரம் போவும்."

"வேணாம்ணே. உங்க துப்பாக்கி உள்ள எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

அவர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் சுற்றில் சீக்கிரமே அவுட்டானேன், பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவதில் ஒரு தகரப் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரணி ஆட்கள் பக்கத்தில் வரும்வரை பொறுத்திருந்து இரண்டு பேரைச் சுட்டேன். அதற்குத் தூரம் தேவைப்படவில்லை. குண்டு தீர்ந்ததும் வெளியே ஓடி வந்து கை நீட்டினேன். மச்சான் ரொப்பிக் கொடுத்தார்.