நானே மாட்டிய கம்ப்யூட்டர்

ரெடிமேடாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்று என் மனைவி சொன்னபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

அவள் பத்து வருஷம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல வீட்டில்தான் இருந்தாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, சாயங்காலம் தெருவில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் போனால் வாசலுக்கு வந்து நிற்பாள். அப்போதுதான் எங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூர் போய்த் தங்கிவிட்ட ஒரு குடும்பத்தில் கேட்டார்கள், அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தர முடியுமா என்று. பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டால் அவர்கள் குடியிருப்பிலேயே இன்னும் சில பிள்ளைகள் சேருவார்கள் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்ற மறந்துவிட்டாள்.

அவளுடைய போன் சின்னது, அதில் எழுத்தை எழுதிக்காட்ட முடியாது. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. தானே கும்பகோணம் போய், ஒரு கடையில் விசாரித்து, கறுப்பு நிறத்தில் சின்னதாக ஒரு பிராண்டட் கம்ப்யூட்டரைப் பார்த்துவைத்துவிட்டு வந்தாள். கொண்டுவந்து வைத்து, ஒயரைச் சொருகினால் ஓடும். கோளாறு என்றால் வீட்டுக்கே ஆள் வருவார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் குத்தாலத்தில் பம்புசெட் மோட்டார் விற்கிற கடையில் வேலை பார்க்கிறவன். மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரியும். தெருவில் யார் வீட்டு டிவி படம் காட்டாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ரெடிமேட் பெட்டியா? வீடியோ வீடியோவாகப் பார்த்து, ஒரு நோட்டில் பட்டியல் போட்டு, அதே காசுக்கு இதைவிட இரண்டு மடங்கு வேகமானதை நானே அசெம்பிள் செய்துவிடுவேன் என்று அவளுக்குக் காட்டினேன்.

“எனக்கு ஓடினாப் போதுங்க. பறக்க வேணாம்” என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி விளக்கினேன். அவள் பணம், அவள் வேலை, அவள் உட்காரப்போகிற நாற்காலி. பேசியதெல்லாம் நான். கடைசியில், உங்களுக்குத் தெரியாததா, செய்யுங்க என்று விட்டுவிட்டாள்.

அவள் விசாரித்துவைத்த அதே கடைக்குத்தான் சாமான் வாங்கப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். பட்டியலைப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருமே, ஒரு யூபிஎஸ் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு இந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டுவிட்டுச் சாதாரணப் பெட்டியாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் கேட்கவில்லை. பக்கவாட்டில் கண்ணாடி போட்டு, உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற ஃபேன் வைத்த பெட்டிதான் வேண்டும் என்று நின்றேன். தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க அது எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மதர்போர்டைக் கொடுக்கும் முன் அட்டைப்பெட்டியைப் பிரித்து, பிராசசர் உட்காருகிற சதுரக் குழியின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே மயிரிழை போல நூற்றுக்கணக்கான பின்கள், எல்லாம் ஒரே சாய்வில், ஒழுங்காக. இதில் விரல் பட்டால்கூட வளைந்துவிடும், அப்புறம் வாரண்டி கிடையாது, வேண்டுமானால் பிராசசரை மட்டும் நானே மாட்டித் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். நான் பம்புசெட்டே மாட்டுகிறவன் என்று சொல்லிச் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்ததெல்லாம் தப்பான இடத்தில்தான்.

முதல் வகுப்பு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பத்தரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஆன் செய்துவிடுங்கள் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. கால் மணி நேர வேலை என்று அளந்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் போனபோது மணி பத்தேகால். அப்போது பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்று வியர்த்துக் கொட்டியது. ஆன் செய்யக் கரண்டே இல்லை என்பதுகூட மண்டையில் ஏறவில்லை, ராகு காலத்துக்கு முன்னால் மாட்டிவிட வேண்டும் என்பதே குறி. அவசர அவசரமாக மூடியை எடுத்து, பிராசசரை இரண்டு விரலால் பிடித்து இறக்கும்போது ஈரக் கையிலிருந்து வழுக்கி, ஓரமாகக் குத்திக்கொண்டு குழிக்குள் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். நாற்றங்காலில் மாடு இறங்கிப் போன மாதிரி ஒரு மூலையில் பின்கள் சாய்ந்துகிடந்தன. நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று அவளுடைய ஊக்கை எடுத்து நோண்டி, இன்னும் நாலைக் கெடுத்தேன்.

அவள் பெட்டிக்கு வைக்க மஞ்சள் குங்குமத்தோடு வந்து, ஆச்சா என்று கேட்டாள்.

“போர்டே கோளாறுடி. பழுதான சரக்கை நம்ம தலையில கட்டிட்டான்” என்றேன்.

இதை யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ, அதுதான் எனக்கு இன்னும் பயம். அவள் குங்குமத்தை சாமி மாடத்தில் வைத்துவிட்டு, நாளைக்கே போய் மாற்றிவிடலாம் என்றாள். நான் மட்டும் போய்வருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். பேசாமல் வேறு போர்டு ஒன்றை வாங்கி வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

“நீங்க சண்டை போட மாட்டீங்க. அவரு சொல்றத கேட்டுட்டு வந்துடுவீங்க. நானும் வரேன்” என்றாள்.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். ஆடுதுறை தாண்டும்வரை, கடையில் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். வழியில் எத்தனையோ நிறுத்தம். எந்த நிறுத்தத்திலும் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். கடைக்காரர் போர்டை வாங்கி, லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மேலே ஏதோ விழுந்தால்தான் பின் இப்படி வளையும் என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான், அவள் பிடித்துக்கொண்டாள். பழுதானதைக் கொடுத்துவிட்டு எங்கள் மேல் பழி போடுகிறீர்களா, கிராமத்து ஆட்கள் என்றால் இளக்காரமா என்று கேட்டாள். பத்து வருஷம் வகுப்பு நடத்திய குரல். மௌஸ் வாங்க வந்த ஒருவர் எடுத்ததை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைக்காரர் கோபப்படவில்லை. தெரியாமல்கூடப் பட்டிருக்கலாம்மா என்று மட்டும் சொன்னார்.

“எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாருங்க. கை தவறியிருந்தா தவறிருச்சுன்னு சொல்லியிருப்பாரு” என்றாள் அவள்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “சார், அன்னைக்கு டார்ச் அடிச்சுக் காட்டித்தானே குடுத்தேன்?”

“நான் சரியா பாக்கல” என்றேன்.

எங்கள் கடைக்கு வாரண்டி கேட்டு வருகிற மோட்டாரில் பாதிக்குப் பாதி, தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் கருக்கியது. சும்மா ஓடிக்கொண்டிருந்தது, தானாக நின்றுவிட்டது என்பார்கள். திறந்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். நான் அவர்களை விடவே மாட்டேன். உள்ளே கம்பிச்சுருள் கருகின வாடையை அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டி, கடையில் இருக்கிற அத்தனை பேரும் கேட்க, எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்று கேட்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். இந்த மனிதர் கையிலும் லென்ஸ் இருந்தது. என்னைக் கூப்பிட்டு, பாருங்கள் சார், ஊக்கால் நோண்டின கீறல் தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அவர் என்னையும் அவளையும் ஒரு தடவை பார்த்தார். லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, புது போர்டு ஒன்றை எடுத்துவரச் சொன்னார்.

பிராசசரைத் தானே மாட்டினார். மேஜையிலேயே ஓட்டிக் காட்டினார். காசு வாங்கவில்லை. அட்டைப்பெட்டியை என் கையில் கொடுக்கும்போது, பத்திரமாகக் கொண்டுபோங்கள் என்றார். எல்லாருக்கும் சொல்வதுதான். நான் அவருடைய சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரே சந்தோஷம். பேசினால்தான் கொடுக்கிறார்கள் பார்த்தீர்களா என்றாள். ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டாள், எனக்குக் களைப்பாக இருக்குமாம்.

திங்கட்கிழமை வகுப்பு நன்றாக நடந்தது. அடுத்த மாதத்தில் இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். கம்ப்யூட்டர் பறக்கத்தான் செய்தது, ஆனால் ஐப்பசி பிறந்ததும் அந்தக் கலர் விளக்குக்கு வயலிலிருந்து பச்சைப் பூச்சி படையெடுத்து வந்து ஃபேனில் அடைத்தது. விளக்கு ஒயரைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடி மேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடிவைத்தாள். அதற்காக என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கடைக் கதையைச் சொல்வாள். எதிர்வீட்டு அக்கா தன் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் வாங்க விசாரித்தபோது, அந்தக் கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள், இவர் உஷாராக இருந்ததால் தப்பித்தோம் என்றாள். நான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி முடித்தும் வெளியே வரவில்லை.

பிறகு ஒரு நாள் எங்கள் கடைக்கு மோட்டார் பார்க்க வந்த ஒரு பெரியவர், ரசீது போடும் நேரத்தில் ஊர்க்கதை பேசினார். பேரனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார்களாம். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

“கும்பகோணத்துல ஒரு கடை இருக்காம் தம்பி. பழுதான சரக்கா பாத்துத் தலையில கட்டுறானாம். அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு எங்க தெருவுல பேச்சு.”

அவர் ஊர் எங்கள் ஊரிலிருந்து நாலு ஊர் தள்ளி. நான் சொன்ன அதே வார்த்தை, ஒரு சொல் பிசகாமல் வந்து என் முன்னால் நின்றது. ரசீதில் தொகையைத் தப்பாகப் போட்டு, கிழித்து மறுபடி எழுதினேன். அவரிடம் அப்போதாவது மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து அவளிடம்தான் சொன்னேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை நிமிரவில்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

“நான் குங்குமத்தோட வந்தப்பவே தெரியுமா?”

தெரியும் என்றேன்.

“பஸ்ல போறப்ப?”

தெரியும்.

“அத்தனை பேர் முன்னாடி அந்த மனுஷனை நான் கேட்டப்ப, பக்கத்துலதானே நின்னீங்க?”

அவள் எழுந்தாள். கீரையைக் கழுவிச் சமைத்து, எனக்குப் போட்டுவிட்டு, அன்றைய வகுப்பை எப்போதும் போல எடுத்தாள்.

மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். போர்டுக்கு உண்டான பணத்தைத் தன் சம்பளத்திலிருந்து எடுத்துப் பையில் வைத்தாள். எதிர்வீட்டுக்குப் போய், தான் சொன்னது தப்பு என்று ஐந்து நிமிஷம் நின்று சொல்லிவிட்டு வந்தாள். நானும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

“நீங்க வர வேணாம். நீங்க வந்து நின்னா, அவரு மறுபடியும் உங்க மானத்தைத்தான் காப்பாத்தப் பாப்பாரு.”

நாலு மணி வகுப்புக்குள் வந்துவிடுவேன், தாமதமானால் கம்ப்யூட்டரை ஆன் செய்து பிள்ளைகளைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு மணிக்கு அவள் வரவில்லை. துண்டை விலக்கிப் பட்டனை அழுத்தினேன். நொடியில் ஆன் ஆகி, சிங்கப்பூர்ப் பெண்பிள்ளைகள் இருவரும் முதலில் திரையில் வந்தார்கள். சின்னவளுக்கு ஒன்பது வயதிருக்கும். டீச்சர் எங்கே என்று கேட்டாள்.

காய்ச்சல் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, டீச்சர் கும்பகோணம் போயிருக்கிறார்கள், நான் செய்த ஒரு தப்புக்காக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க என்று சொன்னேன். சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது போலக்கூட இருந்தது.

சின்னவள் யோசித்தாள். “தப்பு நீங்கதானே அங்கிள் செஞ்சீங்க? அப்புறம் டீச்சர் ஏன் போனாங்க?”

டீச்சர்தான் என்னை வரவேண்டாம் என்று சொன்னார்கள் என்றேன். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போதே தெரிந்துவிட்டது, இப்போதும் நான் என் மனைவி பின்னால்தான் ஒளிந்து நிற்கிறேன் என்று.